ஒரு ஹால், ஒரு டிவி, ஆறு பேர்: இருக்கிற செட்டாப் பாக்ஸை வைத்தே என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும். வீட்டில் ஆறு பேர்: அப்பா, அம்மா, நீங்கள், மனைவி, ஏழாவது படிக்கிற பையன், யு.கே.ஜி. போகிற பெண். ஹாலில் 43 அங்குல டிவி ஒன்று, போன தீபாவளிக்கு வாங்கியது. டிடிஎச் இணைப்பு அதற்கும் பல வருடம் முந்தியது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் ரீசார்ஜ் ஆகிறது. இரவு ஏழரை மணி ஆனால் அம்மாவுக்கு சீரியல், பையனுக்கு கிரிக்கெட், அப்பாவுக்குச் செய்தி. சண்டை போட்டு முடித்து, கடைசியில் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். ‘பாக்ஸில் என்னென்னமோ வசதி இருக்கிறதாமே, குடும்பமாக உட்கார்ந்து பார்க்க அதில் எது உருப்படியாக உதவும்? இல்லை, இணைப்பையே துண்டித்துவிடலாமா?’ இதுதான் உங்கள் கேள்வி.

நான் பதினைந்து வருடத்துக்கு மேலாக டிஷ் மாட்டுகிறவன். முதலில் ஒருவரிடம் ஆளாக, இப்போது திருநெல்வேலிப் பக்கம் சின்னதாகச் சொந்தக் கடை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிஷ் மாட்ட வருகிறவர் ஆன், ஆஃப், சத்தம், சேனல் மாற்றுவது, இந்த நான்கை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். நானும் அப்படித்தான் கிளம்பியிருக்கிறேன். அடுத்த வீட்டில் ஏணியோடு ஆள் காத்திருப்பார், என்ன செய்ய? அதனால் ரிமோட்டில் இருக்கும் நாற்பது பட்டன்களில் முப்பதுக்கு வீட்டில் யாருக்கும் வேலை தெரியாது.

ஆகவே துண்டிக்கவும் வேண்டாம், இரண்டாவது பாக்ஸும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்களுக்கு உதவப்போவது ரெக்கார்டிங், விருப்பப் பட்டியல், மொழி மாற்றும் பட்டன் ஆகிய மூன்றுதான். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது என்ற வகை.

அதற்கு முன்னால் டிவியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ‘படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பந்தயமே கட்டுவேன், பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று முனை ஒயர்தான் போகிறது. பழைய டிவியில் இருந்ததைக் கழற்றிப் புது டிவியில் அப்படியே செருகியிருப்பார்கள். வீட்டுக்கு வீடு நான் பார்ப்பது இதுதான். டிவிப் படம் என்பது கிடையாக அடுக்கிய வரிகள், வரி கூடினால் படம் தெளிவு. அந்த மஞ்சள் ஒயரில் அதிகபட்சம் 576 வரிப் படம்தான் போகும். எச்.டி. சேனலுக்கு என்று காசு கட்டிவிட்டு, 1080 வரியில் வருகிற படத்தை வாசலிலேயே பாதியாக வெட்டி உள்ளே அனுப்புகிறீர்கள். 200, 300 ரூபாய்க்கு ஒரு எச்.டி.எம்.ஐ. ஒயர் வாங்கி மாட்டுங்கள். ஆயிரம் ரூபாய் ஒயரெல்லாம் தேவையில்லை, இந்தத் தூரத்துக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியாது. மாட்டிய பிறகு பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் அளவு 1080 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

குண்டாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. பழைய படங்களும் பழைய நிகழ்ச்சிகளும் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. அதை அகல டிவி முழுக்க இழுத்துப் போட்டால் ஒல்லியான கதாநாயகனும் மாமா மாதிரி ஆகிவிடுவார். படத்தின் நீள அகல விகிதத்தை ‘ஆட்டோ’ அல்லது ‘ஒரிஜினல்’ என்று வைத்தால் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும். அம்மா, ‘என்ன டிவி சுருங்கிப் போச்சு’ என்பார்கள். இரண்டு நாளில் பழகிவிடும். ஒயர் மாற்றியதும் சில சேனல்களில் மட்டும் சத்தம் வராமல் போனால் பயப்பட வேண்டாம். பாக்ஸின் ஆடியோ செட்டிங்கில் டால்பி என்று இருப்பதை ஸ்டீரியோ அல்லது பி.சி.எம். என்று மாற்றுங்கள், வந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் வயதானவர்கள் உள்ள வீட்டில் பெரிய விஷயம். டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட் என்று இரண்டு இருப்பதுதான் பாதிக் குழப்பம். பல டிடிஎச் ரிமோட்டுகளுக்கு டிவியின் பவர், சத்தம் பட்டன்களைக் கற்றுக்கொடுக்க முடியும். உங்கள் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் செய்முறை இருக்கும், ஐந்து நிமிட வேலை. முடித்ததும் டிவி ரிமோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

இப்போது விருப்பப் பட்டியலுக்கு வருகிறேன். ரிமோட்டில் ‘ஃபேவ்’ என்றோ இதயப் படம் போட்டோ ஒரு பட்டன் இருக்கும். இதன் அருமையை எனக்குக் காட்டியது பாளையங்கோட்டையில் ஒரு ஆச்சி. சிக்னல் வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் சிக்னலெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆச்சி ஏதோ பட்டனை அழுத்தி, எங்கோ ஆயிரத்துச் சொச்சம் நம்பரில் ஒரு மராத்தி சேனலில் போய் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வர வழி தெரியவில்லை. ரிமோட் பாலித்தீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது, எழுத்தெல்லாம் மங்கிவிட்டது.

“ஏய்யா, இந்த நம்பரையெல்லாம் நான் எங்க ஞாபகம் வைக்க? முன்ன அந்தப் பெட்டில எட்டுப் பித்தான்தான் இருந்துச்சு, எட்டையும் அமுக்கிப் பாத்தா ஏதாச்சும் ஒண்ணு வரும்” என்றார்.

“ஆச்சி, நீங்க பாக்குறது எதெதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றேன்.

சொன்னது ஒன்பது சேனல். நானூறுக்கு மேல் சேனல் வருகிற பாக்ஸில் அவருக்கு வேண்டியது ஒன்பது. அந்த ஒன்பதை மட்டும் பட்டியலில் போட்டு, அந்தப் பட்டனில் பேத்தியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். சிவப்புப் பொட்டை அழுத்தினால் அவருடைய ஒன்பது சேனல் வரிசையாக வரும், மேலே கீழே போய்த் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு போனே வரவில்லை. வியாபாரத்துக்கு நஷ்டம்தான்.

உங்கள் வீட்டில் அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். நீங்களாக ஊகித்துப் போடாதீர்கள். அவர்கள் சொல்லும் பெயரும் திரையில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கலாம். உதாரணத்துக்கு, பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது, அப்பா இன்னும் பொதிகை என்றே தேடிக்கொண்டிருப்பார். சில பாக்ஸ்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல் வைத்துக்கொள்ளலாம். இருந்தால் பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் அது அம்மாவுக்கே போகட்டும். பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது ஏழரை மணிச் சண்டை. ஐ.பி.எல். இரவு ஆட்டம் ஏழரைக்குத் தொடங்குகிறது, அம்மாவின் சீரியலும் சரியாக அந்த நேரம். ஒன்றை நேரலையாகப் பார்த்தாக வேண்டும் என்றால் அது கிரிக்கெட்தான், ஏனென்றால் முடிவு தெரிந்த ஆட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சீரியல் காத்திருக்கும். அதற்குத்தான் ரெக்கார்டிங்.

உங்கள் பாக்ஸின் பின்னாலோ பக்கவாட்டிலோ யு.எஸ்.பி. ஓட்டை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா பாக்ஸிலும் அது ரெக்கார்டிங்குக்காக இருப்பதில்லை. சிலவற்றில் சர்வீஸ் வேலைக்கு மட்டும்தான். மெனுவில் ‘ரெக்கார்டிங்’ அல்லது ‘பி.வி.ஆர்.’ என்று ஒரு பகுதி இருந்தால் உங்களுக்கு வசதி உண்டு. சில கம்பெனிகள் அதைத் திறந்துவிடத் தனியாக ஒரு சின்னத் தொகை கேட்கலாம், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தால் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏறக்குறைய 1 ஜி.பி. பிடிக்கும், எச்.டி. என்றால் சுமார் 3 ஜி.பி. அரை மணி சீரியல், வாரம் ஆறு நாள் என்றாலும் சாதாரணத் தரத்தில் 3 ஜி.பி.தான். சீரியலை எச்.டி.யில் பதிவு செய்து என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள். பென் டிரைவை முதல் தடவை செருகியதும் ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று பாக்ஸ் கேட்கும். சரி என்றால் அதற்குள் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ இருக்கும் பென் டிரைவைச் செருகிவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். இன்னொன்று, இதில் பதிவானது பூட்டுப் போட்டுப் பதிவாகும். அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடும், கம்ப்யூட்டரிலோ பக்கத்து வீட்டு பாக்ஸிலோ ஓடாது. பாக்ஸ் பழுதாகி மாற்றினால் பழைய பதிவுகளுக்கு வணக்கம் சொல்லிவிட வேண்டியதுதான். ஆகவே சீரியலுக்கு இது சரி. பையன் டிவியில் பேசிய பட்டிமன்றத்தைக் காலத்துக்கும் வைத்திருக்க இது வழி இல்லை.

வழிகாட்டிப் பக்கத்தில், அதாவது ‘கைடு’ பட்டனை அழுத்தினால் வரும் அட்டவணையில், சீரியலின் பெயர் மேல் நின்று ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். இந்த ஒன்றை மட்டுமா, தொடர் முழுவதையுமா என்று கேட்கும். தொடர் என்று கொடுத்துவிட்டால் தினமும் அதுவாகப் பதிவு செய்துகொள்ளும். முன்னால் 2 நிமிடம், பின்னால் 5 நிமிடம் கூடுதலாக வைக்கும் வசதி இருந்தால் கட்டாயம் வையுங்கள். நம் ஊர்ச் சேனல்கள் அட்டவணையை மதித்து நடப்பவை அல்ல. ‘தொடரும்’ போடுவதற்கு முன்னால் மருமகள் என்ன சொன்னாள் என்பது வெட்டுப்பட்டுப் போனால், அம்மா ரெக்கார்டிங் என்ற பேச்சையே அப்புறம் எடுக்க விடமாட்டார்கள்.

இதில் இருக்கும் ஒரே சிக்கலை முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் சொல்ல மாட்டார். விலை குறைந்த பாக்ஸ்களில் சிக்னலைப் பிடிக்கும் டியூனர் ஒன்றுதான் இருக்கும். ஒன்றைப் பதிவு செய்துகொண்டே வேறொன்றைப் பார்க்க அதில் முடியாது, அல்லது ஒரு சில சேனல்களை மட்டும் பார்க்கலாம். உங்கள் பாக்ஸ் அந்த வகையா என்று சோதிக்க எளிய வழி: ஒரு சேனலில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு வரிசையாகப் பத்து சேனல் மாற்றிப் பாருங்கள். ‘பதிவை நிறுத்தினால்தான் மாற்ற முடியும்’ என்று வந்தால் ஒற்றை டியூனர். அப்படி இருந்தாலும் வழி அடைபடவில்லை. பல சேனல்களில் அந்த சீரியல் மறுநாள் பகலில் மறுபடி வரும். அந்த நேரத்துக்கு ரெக்கார்டிங் போடுங்கள், பகலில் டிவி சும்மாதானே இருக்கும். அதுவும் சரிவராவிட்டால் இன்னொரு வழி, ஆப். உங்கள் டிவி ஸ்மார்ட் டிவி, வீட்டில் இன்டர்நெட்டும் இருக்கிறது. சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்ட்டிலும், விஜய் டிவி தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5இலும் வந்துவிடுகின்றன. கிரிக்கெட்டை டிவியில் போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒன்பது மணி வாக்கில் ஆட்டத்தின் நடு இடைவேளையில் ஆப்பில் வைத்துக் கொடுக்கலாம்.

ஆனால் அம்மா ஒத்துக்கொள்ள வேண்டுமே. இது தொழில்நுட்ப விஷயம் இல்லை, அதனால்தான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் முதலில் ரெக்கார்டிங் போட்டுக் கொடுத்தபோது என் அம்மா தொடவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. எட்டு மணிக்கு சீரியல் முடிந்த உடனே தென்காசியிலிருந்து சித்தி போன் செய்வார். “பாத்தியாக்கா, அவ போட்ட போட்டை!” என்று தொடங்கி இருபது நிமிடம் போகும். அம்மாவுக்கு சீரியலைவிட அந்த இருபது நிமிடம் முக்கியம். தள்ளிப் பார்த்தால் சித்தியிடம் பேச விஷயம் இருக்காது. கடைசியில் சித்தியிடமே சொல்லி, ஐ.பி.எல். நாட்களில் போன் பேச்சை ஒன்பதரைக்கு மாற்றினோம். அதோடு அம்மா வேறு ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டார். பதிவு செய்ததில் விளம்பரத்தை ஓட்டிவிடலாம். விதிப்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம், அதைத் தள்ளினால் அரை மணி சீரியல் இருபத்துச் சொச்சம் நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது நேரலையில் விளம்பரம் வந்தால், ‘இத ஓட்ட முடியாதா?’ என்று அவரே கேட்கிறார்.

உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு சித்தி இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

ரெக்கார்டிங் விஷயத்தில் எனக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி ஒரே காரணம்: சுவரில் இருக்கும் சுவிட்ச். அப்பாக்கள் இரவு படுக்கப் போகும்போது டிவி சுவிட்சை அணைத்துவிடுவார்கள், பாக்ஸும் அதே பிளக்கில் இருக்கும். பாக்ஸுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ரெக்கார்டிங் எப்படி ஆகும்? ரிமோட்டில் ஆஃப் செய்தால் போதும், சுவரில் அணைக்கக் கூடாது. ‘கரண்டு பில் ஏறும்’ என்று அப்பா சொன்னால் கணக்கைக் காட்டுங்கள். பாக்ஸ் சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்கிறது என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு கால் யூனிட்டுக்குள்தான் வரும். நம் இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, அந்த 60 நாளுக்குப் பார்த்தால் 14, 15 யூனிட். ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரெக்கார்டிங் எதுவும் இல்லாத நாளில் அணைக்கட்டும். இடி மின்னல் என்றால் மட்டும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரையும் கழற்றி வையுங்கள்.

பென் டிரைவ் செருகியிருந்தால் இன்னொரு வசதியும் சேர்ந்தே கிடைக்கும்: ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைப்பது. பால் பொங்குகிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றால் பாஸ் பட்டனை அழுத்திவிட்டுப் போய்த் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். சேர்ந்து படம் பார்க்கும்போது ஒருவர் எழுந்து போனால் மற்றவர்கள் காத்திருக்க முடிகிறது. எங்கள் வீட்டில் அதிகம் தேய்ந்த பட்டன் அதுதான்.

மூன்றாவது, மொழி. இதைப் பலர் கவனித்ததே இல்லை. நேஷனல் ஜியாகிரபிக், கார்ட்டூன் நெட்வொர்க், போகோ, நிக் போன்ற சேனல்களில் ஒரே படத்தோடு பல மொழி ஒலி சேர்ந்து வருகிறது, தமிழும் உண்டு. ரிமோட்டில் ‘ஆடியோ’ அல்லது ‘லேங்’ என்ற பட்டனை அழுத்தினால் மாறும். சிலவற்றில் பச்சை, மஞ்சள் என்று ஒரு வண்ணப் பட்டனுக்கு அந்த வேலை. ஒவ்வொரு முறையும் மாற்றத் தேவையில்லாமல், செட்டிங்கில் முதன்மை மொழி தமிழ் என்று வைத்துவிட்டால் தமிழ் ஒலி இருக்கும் இடத்தில் எல்லாம் அதுவாகத் தமிழில் தொடங்கும்.

உங்கள் வீட்டில் ஆறு பேரும் சேர்ந்து பார்க்க எது இருக்கிறது என்று கேட்டீர்கள் இல்லையா, என் பதில் இதுதான்: தமிழில் ஓடும் விலங்கு நிகழ்ச்சி. சிரிக்காதீர்கள். சீரியல் பையனுக்குப் பிடிக்காது, கார்ட்டூன் அப்பாவுக்குப் பிடிக்காது, செய்தி குழந்தைக்குப் பிடிக்காது. முதலை ஒன்று கரையில் வந்து படுத்திருப்பதை யு.கே.ஜி. பிள்ளையும் பார்க்கும், எழுபது வயதுப் பெரியவரும் பார்ப்பார். என் அப்பா ஆங்கிலத்தில் ஓடியவரை அந்தப் பக்கமே திரும்பியதில்லை. தமிழுக்கு மாற்றிவிட்ட அன்று, பேரனுக்குத் தாமிரபரணியில் முதலை வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது நடந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பையன் அரை மணி நேரம் போனைத் தொடவில்லை என்பது மட்டும் தெரியும். கிரிக்கெட்டுக்கும் தமிழ் வர்ணனை இருக்கிறது, ஸ்டார் ஸ்போர்ட்ஸில் அதற்குத் தனிச் சேனலே உண்டு. அம்மாவுக்கும் ஆட்டம் கொஞ்சம் பிடிபட ஆரம்பிக்கும்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தம் அதிகமாக வைக்கிறார் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் டிவியில் ப்ளூடூத் இருந்தால் ஒரு ஹெட்போனை இணைத்துவிடலாம். ஆனால் சில டிவிகளில் ஹெட்போன் இணைந்ததும் ஸ்பீக்கர் வாய்மூடிவிடும். இரண்டிலும் சத்தம் வரும்படி செட்டிங் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

பிள்ளைகள் பூட்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேனலைப் பூட்டலாம், வயது வரம்பு வைத்தும் பூட்டலாம். வயது வரம்பை நம்பி இருக்காதீர்கள், நிகழ்ச்சிக்கு எல்லாச் சேனலும் ஒழுங்காக வயதுக் குறியீடு அனுப்பினால்தான் அது வேலை செய்யும். வேண்டாத சேனலை நேராகப் பூட்டுவதே நல்லது. பாக்ஸ் வரும்போது ரகசிய எண் 0000, 1234 மாதிரி ஏதாவது இருக்கும், அதை ஏழாவது படிக்கிற பையன் முதல் முயற்சியிலேயே பிடித்துவிடுவான். மாற்றுங்கள், மாற்றியதை எங்காவது எழுதியும் வையுங்கள். ரிமோட்டிலேயே கட்டணச் சேவை வாங்குவதற்கும் அதே பூட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டிலேயே நடந்தது: சின்னவள் ஏதோ விளையாட்டுச் சேனல் என்று சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டாள். முதல் சில நாள் இலவசம், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டே இருந்தார்கள். இதே தொழிலில் இருக்கும் எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கம்பெனி பெயர் எதற்கு, இந்த வகை இலவசம் எங்கும் இருக்கலாம்.

அப்படியே பணத்துக்கு வந்துவிடுவோம். 2019 பிப்ரவரியில் டிராயின், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின், புது முறை வந்தபோது, இணைப்புக்கு என்று 100 சேனல் வரை அதிகபட்சம் 130 ரூபாயும் வரியும், அதாவது 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை என்று ஆனது. பிறகு அதே தொகைக்கு 200 சேனல் என்றார்கள். 2024இல் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், இப்போது கம்பெனி வைப்பதுதான் கட்டணம். ஆனால் வேண்டிய கட்டணச் சேனலை மட்டும் தனியாக எடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது, அதைத்தான் நம் ஆட்கள் பயன்படுத்துவதில்லை. அம்மாவின் ஒன்பது, அப்பாவின் நான்கு, பிள்ளைகளின் ஐந்து என்று விருப்பப் பட்டியல் போடும்போதே ஒரு தாளிலும் எழுதுங்கள். இருபது, இருபத்தைந்தைத் தாண்டாது. அதில் செய்திச் சேனல்கள் பலவும் இலவசமாகத்தான் இருக்கும். கம்பெனி ஆப்பில் உங்கள் பேக்கைத் திறந்து தாளோடு ஒப்பிடுங்கள். ஒரே சேனலின் சாதாரண வடிவமும் எச்.டி. வடிவமும் இரண்டும் இருந்தால் ஒன்றை எடுத்துவிடலாம்.  சில நேரம் தனித்தனியாக எடுப்பதைவிடத் தொகுப்பாக எடுப்பது மலிவாக வரும், கூட்டிப் பார்த்துவிட்டே மாற்றுங்கள். உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. விளையாட்டுச் சேனலை ஐ.பி.எல். முடிந்ததும் எடுத்துவிடும் வீடுகள் எனக்குத் தெரியும்.

போனில் இருப்பதை டிவியில் காட்டுவது, யூடியூப், குரலில் தேடுவது எல்லாம் உங்கள் டிவியிலேயே இருக்கும், அதற்காக ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கத் தேவையில்லை. மைக் பட்டனை அழுத்தித் தமிழில் பேசினாலே பெரும்பாலும் புரிந்துகொள்கிறது, அப்பாவுக்குப் பழக்கிக் கொடுங்கள். ஊர்க் கோயில் கொடை வீடியோவை யாராவது போனில் அனுப்பினால் ஆறு பேரும் ஆறு போனில் பார்க்காமல் டிவியில் போடுங்கள். தூரத்து உறவு முகம் ஒவ்வொன்றையும் அம்மா அடையாளம் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

மழையில் படம் போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஐப்பசியில் கேட்பீர்கள். டிடிஎச் சிக்னல் வரும் அலைவரிசையை அடைமழை கொஞ்சம் குடித்துவிடும், அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தூறலுக்கே போகிறது என்றால்தான் கோளாறு. டிடிஎச் செயற்கைக்கோள்கள் நமக்குக் கிழக்கே சாய்ந்த வானத்தில் இருக்கின்றன. மொட்டை மாடியில் டிஷ்ஷுக்குக் கிழக்குப் பக்கம் தென்னை மட்டையோ முருங்கைக் கிளையோ வளர்ந்து மறைக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். பல வருடத்துக்கு முன்னால் மாட்டும்போது இடுப்பளவு இருந்த மரம் இப்போது எங்கே இருக்கும்! வெயில் நாளில் மெனுவில் சிக்னல் தரம் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வைத்தால், பிறகு குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

கேபிள் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும், அரசு கேபிள் உட்பட, விருப்பப் பட்டியலும் பூட்டும் மொழி மாற்றமும் பெரும்பாலும் இருக்கும். ரெக்கார்டிங் பாக்ஸைப் பொறுத்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்ன வரிசையில் செய்வது என்றால்: காலையில் கடைத்தெருவுக்குப் போகும்போது எச்.டி.எம்.ஐ. ஒயரும் பென் டிரைவும் வாங்கி வந்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு ஒயரை மாட்டுங்கள், அம்மாவோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். மூன்று மணி வாக்கில் ஏதாவது ஒரு நிகழ்ச்சியைப் பத்து நிமிடம் சோதனைக்குப் பதிவு செய்து, சேனல் மாற்ற முடிகிறதா, பிறகு ஓட்டிப் பார்த்தால் சத்தமும் படமும் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். திங்கட்கிழமை ஏழரைக்கு முதல் தடவையாகச் சோதித்து, அது பதிவாகாமல் போய், அம்மா முகத்தில் விழிக்க வேண்டிய நிலைமை வேண்டாம். மெனுவில் ரெக்கார்டிங் பகுதியே இல்லை என்றால் பாக்ஸின் அடியில் இருக்கும் மாடல் எண்ணை எழுதி அனுப்புங்கள், அதே கம்பெனியில் எந்த பாக்ஸுக்கு மாறலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.